சாலையில் அமர்ந்தவரும் காரில் அமர்ந்தவரும்: காலநிலை மறியல்கள் பற்றி வாசகர் கேள்விகள்

காலநிலை மாற்றத்தைத் தடுக்கக் கோரிப் பொதுச் சாலைகளை மறிப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா என்ற கேள்வி பல வடிவங்களில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. கூட்டம் கூடும் உரிமை பற்றிய சட்டங்களைப் பல ஆண்டுகளாகப் படித்தும் கற்பித்தும் வருகிறேன். தனித்தனியே மடல் எழுதுவதைவிட, ஒன்றோடொன்று தொடர்புடைய சில கேள்விகளை எடுத்து இங்கே சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: 2009இல் டொரன்டோவின் கார்டினர் விரைவுச்சாலையை மறித்தவர்களில் நானும் ஒருத்தி. கைக்குழந்தையோடு போனேன். பின்னாளில் லண்டனில் எண்ணெய் எதிர்ப்பாளர்கள் சாலையில் உட்கார்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எரிச்சல்தான் வந்தது. எனக்கொரு நியாயம், அவர்களுக்கொரு நியாயமா? (ஸ்காபரோ வாசகி)

பதில்: எரிச்சல் வருவதில் தவறில்லை. ஆனால் அந்த எரிச்சலையே தீர்ப்பாக்கிவிட நம்மால் முடியாது, ஏனென்றால் தமிழர்களாகிய நாமும் அப்படிச் சாலையில் உட்கார்ந்தவர்கள்தான். 2009 மே 10 ஞாயிற்றுக்கிழமை மாலை, முள்ளிவாய்க்காலில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அதற்கு முன் மாதக்கணக்கில் தூதரகங்களின் முன்பும் நாடாளுமன்றத்தின் முன்பும் ஓரமாக நின்று குரல் கொடுத்தும் எவரும் திரும்பிப் பார்க்காத நிலையில்தான் ஆயிரக்கணக்கானோர், தள்ளுவண்டியில் குழந்தைகளோடு, அந்த விரைவுச்சாலையில் ஏறினார்கள். அதற்கு முந்தைய மாதம் லண்டன் தமிழர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை மறித்திருந்தார்கள். அன்று காரில் சிக்கிய டொரன்டோக்காரருக்கு, எங்கோ ஒரு தீவில் நடக்கும் போருக்காக நான் ஏன் வீடு போக முடியாமல் நிற்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். அது நியாயமான கேள்வி. நம்மிடம் அதற்குப் பதிலும் இருந்தது: மக்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், நேரமில்லை, மற்ற எல்லா வழியையும் பார்த்துவிட்டோம், எங்களுக்காகப் பேசுவதாக ஒரு வாக்குக் கிடைத்தால் எழுந்துவிடுகிறோம். எதிர்க்கட்சித் தலைவரின் அலுவலகத்திலிருந்து அப்படியொரு செய்தி வந்ததும், நள்ளிரவு வாக்கில் எழுந்தும் போனார்கள்.

1965இல் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக அமெரிக்காவின் செல்மாவிலிருந்து மான்ட்கோமரி வரை நெடுஞ்சாலையில் நடக்க மார்ட்டின் லூதர் கிங்கின் தரப்பினர் நீதிமன்றத்தை நாடியபோது, எதிர்க்கப்படும் அநீதி எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்கு நெடுஞ்சாலையில் அணிவகுக்கும் உரிமையும் விரியும் என்ற பொருளில் நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் தீர்ப்பளித்தார். காலநிலையைப் பொறுத்தவரை அநீதியின் அளவில் எனக்கு ஐயமே இல்லை. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் வெப்பம் 40.3 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 2024ஆம் ஆண்டின் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கும் மேல் கூடியதாக உலக வானிலை அமைப்பு பதிவுசெய்தது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கார்டினரில் கேட்கப்பட்டது நாள் கணக்கில் கிடைத்தாக வேண்டிய ஒன்று. காலநிலைக் கோரிக்கையோ நிறைவேறப் பத்தாண்டுகள் பிடிக்கும். அதுவரை சாலையில் உட்காருவோம் என்றால், அந்த மறியலுக்கு முடிவே கிடையாது. உங்கள் எரிச்சலில் நியாயமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ‘எங்கள் நோக்கம் பெரிது’ என்று எல்லாரும்தான் சொல்வார்கள். எந்த மறியல் நியாயம், எது அடாவடி என்று பிரித்தறிய அளவுகோல் உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: உண்டு. நான் அறிந்தவற்றுள் சிறந்தது ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2011 மார்ச்சில் தந்தது. ஈராக் போரை எதிர்த்து 2004இல் பிராங்க்பர்ட் அருகே அமெரிக்க விமானத் தளத்துக்குச் செல்லும் சாலையில் அமர்ந்தவர்கள் பற்றிய வழக்கு அது. அவர்கள் செய்தது கண்டிக்கத்தக்க வற்புறுத்தலா என்று முடிவுசெய்யும் முன் சிலவற்றைப் பார்த்தாக வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது: மறியல் எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமையாக நடந்தது, முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதா, மாற்று வழி இருந்ததா, தடுக்கப்பட்ட பயணம் எவ்வளவு அவசரமானது, தடுக்கப்பட்ட மனிதர்களுக்கும் போராட்டத்தின் பொருளுக்கும் தொடர்பு உண்டா.

கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் கேட்பேன். நெதர்லாந்தின் ஹேக் நகரில் 2023 செப்டம்பர் 9 முதல் எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன் என்ற காலநிலைப் போராட்ட அமைப்பினர் ஏ12 நெடுஞ்சாலையை நாள்தோறும் மறித்தார்கள். அவர்கள் அமர்ந்த இடத்தின் ஒரு புறம் நாடாளுமன்றம் தற்காலிகமாக இயங்கிய கட்டடம், மறுபுறம் பொருளாதார, காலநிலை அமைச்சகம். புதைபடிவ எரிபொருளுக்கு அரசு தரும் சலுகைகளை நிறுத்த வேண்டும் என்பது கோரிக்கை. அந்தச் சலுகைகள் ஆண்டுக்கு 39.7 முதல் 46.4 பில்லியன் யூரோ வரை இருக்கும் என்று அதே மாதம் அரசே கணக்குக் காட்டியது. இடமும் நாளும் முன்பே அறிவிக்கப்பட்டதால் போலீசார் போக்குவரத்தைத் திருப்பிவிட முடிந்தது. தண்ணீர் பீய்ச்சியடித்தார்கள், முதல் நாளில் மட்டும் சுமார் 2,400 பேரைப் பிடித்துச் சென்றார்கள். மறுநாளும் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். சலுகைகளைப் படிப்படியாக நிறுத்தும் வழிகளை ஆராயுமாறு அக்டோபரில் நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதும் மறியலை நிறுத்தினார்கள். இதை நியாயமான மறியல் என்று தயங்காமல் சொல்வேன்.

லண்டனைச் சுற்றிச் செல்லும் எம்25 வட்டச்சாலையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 செப்டம்பரில் இன்சுலேட் பிரிட்டன் என்ற குழு அதை மறித்தது. வெப்பம் கசியும் பிரிட்டன் வீடுகளுக்கு அரசு வெப்பக் காப்பு அமைத்துத் தர வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. ஏழை வீட்டின் எரிவாயுச் செலவையும் குறைக்கும் அந்தக் கோரிக்கையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் விடியற்காலை எம்25இல் இருப்பவர் யார்? மருத்துவமனைக்கு வேலைக்குப் போகும் தாதி, சரக்கு வண்டி ஓட்டுநர், தாமதமானால் அரைநாள் கூலியை இழக்கும் கட்டடத் தொழிலாளி. இவர்களில் ஒருவரும் வீட்டு வசதிக் கொள்கையை வகுப்பவர் அல்லர்.

கேள்வி: ஆம்புலன்ஸ் வந்தால் வழிவிடுவோம் என்கிறார்களே, அது போதாதா? (பெர்லினில் பணிபுரியும் வாசகர்)

பதில்: போதாது. உங்கள் ஊரில் நடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். ‘கடைசித் தலைமுறை’ என்ற காலநிலை அமைப்பினர் வரிசையாக அமர்ந்து உள்ளங்கையைத் தார்ச்சாலையில் பசையால் ஒட்டிக்கொள்வார்கள். போலீஸ்காரர் பக்கத்தில் மண்டியிட்டு, சமையல் எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி, தூரிகையை விரலுக்கடியில் விட்டுத் தேய்த்துத் தோல் கிழியாமல் கையைப் பிரித்தெடுப்பார். அவசர ஊர்தி வந்தால் எழுந்து வழிவிடுவதற்காக, நடுவில் இருப்பவர்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது அவர்களின் வழக்கமாக இருந்தது. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் ஆம்புலன்ஸ் மறியலின் முன்னால் வந்து நிற்பதில்லை. அது இரண்டு கிலோமீட்டர் பின்னால், ஒதுங்க இடமில்லாத வண்டிகளுக்கு நடுவே நிற்கிறது. அதன் ஒலி முன்வரிசைக்குக் கேட்கவே கேட்காது.

2022 அக்டோபர் 31 அன்று பெர்லினில் சைக்கிளில் சென்ற பெண்மணி ஒருவர் கான்கிரீட் கலவை லாரியில் சிக்கினார். அங்கே செல்ல வேண்டிய சிறப்பு மீட்பு வண்டி, ஏ100 நெடுஞ்சாலையில் நடந்த போராட்டத்தால் உண்டான நெரிசலில் தாமதமானது. அந்தப் பெண்மணி பின்னர் இறந்துவிட்டார். அந்த வண்டி நேரத்துக்கு வந்திருந்தாலும் லாரியைத் தூக்கும் முறையைத் தேர்ந்திருக்க மாட்டேன் என்று அங்கிருந்த அவசர மருத்துவர் குறிப்பிட்டதாகச் செய்தி வெளியானது. ஆகவே போராட்டக்காரர்கள்தான் அவரைக் கொன்றார்கள் என்பது அவதூறு. ஆனால் அடுத்த முறை மருத்துவருக்கு அந்த வண்டி தேவைப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை அந்தக் குறிப்பு தீர்த்துவைக்கவில்லை. பின்னால் சேரும் நெரிசலுக்கும் பொறுப்பேற்று, முன்கூட்டியே அறிவித்து, ஒரு தடத்தை முழுத் தொலைவுக்கும் காலியாக விட ஏற்பாடு செய்யாத எந்த மறியலையும் என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: காந்தியும் சட்டத்தை மீறித்தானே உப்பு எடுத்தார்? (திருச்சி வாசகர்)

பதில்: ஆம். உங்கள் ஊரிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி நடந்ததும் அந்த 1930இல்தான். ஆனால் காந்தியும் ராஜாஜியும் மீறியது உப்புச் சட்டத்தை. அநீதி என்று அவர்கள் சொன்னதும் அதே உப்புச் சட்டத்தைத்தான். பாதிக்கப்பட்டது அரசின் வருவாய், வழிப்போக்கர் அல்லர். சாலைப் போக்குவரத்து விதிகள் அநீதியானவை என்று காலநிலைப் போராளிகள் எவரும் சொல்வதில்லை. அவர்கள் ஒரு சட்டத்தை மீறி இன்னொன்றை மாற்றக் கேட்கிறார்கள். எண்ணெய் உரிமம் தருவதை ஒரு குடிமகன் நேரடியாக மீற வழியில்லை என்பதால் அவர்களுக்கு இது தவிர்க்க முடியாத சங்கடம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

காந்தியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று இருக்கிறது. 1930 மார்ச் 2 அன்றே வைஸ்ராய் இர்வினுக்கு மடல் எழுதித் தாம் செய்யப்போவதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் கிளம்பினார்.

கேள்வி: சாலையை மறித்ததற்கு ஐந்தாண்டு சிறையா? பிரிட்டன் எங்கே போகிறது? (லண்டன் ஈஸ்ட்ஹாம் வாசகி)

பதில்: 2022 நவம்பரில் புதிய எண்ணெய் உரிமங்களை எதிர்த்த ஜஸ்ட் ஸ்டாப் ஆயில் அமைப்பினர் எம்25க்கு மேலே குறுக்காக நிற்கும் சட்டகங்களில் நான்கு நாட்கள் ஏறினார்கள். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் பாதிக்கப்பட்டதாக அரசுத் தரப்பு கூறியது. புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கும் நாளைத் தவறவிட்டவர், தேர்வுக்கும் ஈமச்சடங்குக்கும் போக முடியாதவர்கள் பற்றியெல்லாம் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. இவற்றை நான் சிறிதாகக் கருதவில்லை. அந்தப் போராட்டம் நியாயமற்றது என்பதே என் கருத்து.

ஆனால் 2024 ஜூலையில் தண்டிக்கப்பட்ட ஐவரும், ஜூம் அழைப்பொன்றில் அதற்கு ஆள் திரட்டிச் சதி செய்தார்கள் என்பதற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். அவர்களில் ரோஜர் ஹாலம் என்பவருக்கு ஐந்தாண்டு, மற்ற நால்வருக்கும் தலா நான்காண்டு. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹாலமின் தண்டனையை நான்காண்டாகவும் மற்றவர்களுடையதை மூன்றாண்டு, இரண்டரையாண்டு எனவும் குறைத்தது. அதுவும் மிக அதிகம். வன்முறையே இல்லாத ஒரு செயலுக்கு, அதுவும் மனசாட்சியால் உந்தப்பட்ட செயலுக்கு, பிரிட்டன் நீதிமன்றங்கள் நெடுங்காலம் காட்டிவந்த நிதானம் இதுவன்று. 2021இல்கூட, ஆயுதக் கண்காட்சிக்குச் செல்லும் சாலையைச் சுமார் ஒன்றரை மணி நேரம் மறித்தவர்கள் வழக்கில், வேண்டுமென்றே மறித்தாலும் அது சட்டப்படி ஏற்கத்தக்கதாக இருக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதற்கு அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் பொதுத்தொல்லைக் குற்றத்துக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. சுற்றுச்சூழல் காவலர்களுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் மிஷேல் ஃபோர்ஸ்ட் இந்தத் தண்டனைகளை வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் செய்தது சரி. ஒரு போராட்டம் தவறு என்று சொல்வதற்கும், அதைச் செய்தவரின் வாழ்விலிருந்து ஆண்டுகளைப் பறிப்பதற்கும் இடையே வெகுதூரம் இருக்கிறது.

கேள்வி: விவசாயிகள் டிராக்டரால் மறித்தால் மட்டும் ஏன் யாரும் ‘பயங்கரவாதம்’ என்பதில்லை? (ஸ்டுட்கார்ட் வாசகர்)

பதில்: 2024 ஜனவரியில் டீசல் சலுகை வெட்டுக்கு எதிராக ஜெர்மன் விவசாயிகள் நாடெங்கும் சாலைகளை அடைத்தபோது எனக்கும் இதே கேள்விதான் எழுந்தது. அவர்கள் பல இடங்களில் முன்பே பதிவுசெய்து ஊர்வலமாக வந்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் அளவுகோல் ஒன்றுதான். டிராக்டர் ஓட்டுபவரையும் பசையோடு வந்தவரையும் அந்த அளவுகோலால் ஒரேபோல் அளக்காத அரசியல்வாதி, சட்டம் ஒழுங்கைப் பற்றிப் பேசவில்லை.

கேள்வி: இதனால் பயன் ஏதும் உண்டா? வெறுப்புத்தானே மிஞ்சுகிறது? (கோலாலம்பூர் வாசகர்)

பதில்: மறியல் செய்த குழுவின் மீது வெறுப்பு மிஞ்சுகிறது, கோரிக்கையின் மீது வருவதாகத் தெரியவில்லை. 2022 நவம்பர் எம்25 போராட்டத்துக்கு முன்னும் பின்னும் பிரிட்டன் மக்களிடம் கருத்துக் கேட்டு நடத்திய ஓர் ஆய்வில், ஜஸ்ட் ஸ்டாப் ஆயிலைப் பற்றி அதிகம் அறிந்தவர்களிடம் ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த் என்ற மிதவாத அமைப்பின் மீதான ஆதரவு கூடியிருந்தது. முரட்டுக் குரல் ஒன்று எழும்போது அமைதியான குரல் காதில் விழத் தொடங்குகிறது. ஆனால் இதை மறியலுக்கு நியாயமாகக் காட்ட நான் தயங்குகிறேன். பயன் தந்தது என்பதாலேயே, அந்தத் தாதி இழந்த ஊதியம் சரியாகிவிடாது. எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியனின் பிரிட்டன் கிளை 2023 தொடக்கத்திலும், ‘கடைசித் தலைமுறை’ 2024 தொடக்கத்திலும் இவ்வகை மறியல்களிலிருந்து விலகுவதாக அறிவித்தன. ஜஸ்ட் ஸ்டாப் ஆயில் 2025 மார்ச்சில் தன் நேரடிப் போராட்டங்களையே முடித்துக்கொள்வதாகச் சொன்னது.

கேள்வி: மகன் மான்செஸ்டரில் படிக்கிறான். காலநிலைப் போராட்டத்துக்குப் போவேன் என்கிறான். தடுக்கலாமா? (கோவையிலிருந்து ஒரு தந்தை)

பதில்: தடுக்க வேண்டாம். மாணவர் விசாவில் இருப்பவர் அமைதியான ஊர்வலத்தில் கலந்துகொள்ள அங்கே தடை இல்லை. ஆனால் போலீசார் ஊர்வலத்துக்கு விதிக்கும் நிபந்தனையைத் தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ மீறுவது குற்றம். 2023ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்துக்குப் பிறகு, பூட்டியோ பசையிட்டோ தன்னை ஒன்றோடு பிணைத்துக்கொண்டு பெரும் இடையூறு விளைவிப்பதும் தனிக் குற்றம். பிரிட்டன் குடியுரிமை இல்லாதவருக்குப் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறை கிடைத்தால் நாடுகடத்தும் நடவடிக்கை தானாகவே தொடங்கும். அதைவிடச் சிறிய தண்டனையும் விசாவைப் பாதிக்கலாம். இந்த ஆபத்து அவனுடன் நிற்கும் ஆங்கிலேய நண்பனுக்கு இல்லை என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். எந்தச் சாலை, யாரைத் தடுக்கப் போகிறார்கள், போலீசாருக்குச் சொல்லியாயிற்றா, பின்னால் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் என்ன ஏற்பாடு என்று அவனிடம் கேளுங்கள். அமைப்பாளர்களிடம் இவற்றுக்குப் பதில் இல்லையென்றால், பதாகையோடு நடைபாதையில் நிற்கச் சொல்லுங்கள்.