இரண்டாவது குழந்தைக்கு வலி வருவதும் நிற்பதுமாக இருக்கிறது. யாருக்காவது இப்படி இருந்ததா?

நீங்கள் கேட்டது: 39-வது வாரம், சில நாட்களாக ராத்திரியில் வலி வருகிறது, காலையில் நின்றுவிடுகிறது, மருத்துவமனைக்குப் போனால் திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டாவது பிரசவம் சட்டென்று முடிந்துவிடும் என்று சொன்னார்களே, ஏன் இப்படி?

எனக்கு இருந்தது. மகன் பிறந்தபோது ஏறக்குறைய ஒரு வாரம் இப்படித்தான் இழுத்தது. கடைசியில் சுகப்பிரசவம், அவன் 3 கிலோ 300 கிராம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த நிலையில் இருக்கும்போது எனக்கும் யாராவது இதைத்தான் முதலில் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

மேலே படிப்பதற்கு முன் ஒன்று. உங்களுக்கு முதல் பிரசவம் சிசேரியன் என்றாலோ, இரட்டைக் குழந்தை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை என்று ஏதாவது இருந்தாலோ, என் கதையை வைத்து வீட்டில் காத்திருக்காதீர்கள். உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. பழைய தையல் இருக்கும் வயிற்றில் வலி வந்தால் உடனே போய்க் காட்ட வேண்டும்.

எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில் மலையடிவாரம். வீட்டுக்காரர் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். விடியுமுன் கிளம்பிப் போடிமெட்டு ஏறினால் திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிடும். முதல் பிரசவம் வழக்கப்படி அம்மா வீட்டில். இரண்டாவது மாமியார் வீட்டில். மூத்தவளுக்குப் பனிக்குடம் உடைந்துதான் ஆரம்பித்தது, மறுநாள் விடிவதற்குள் கையில் குழந்தை. அதனால் வலி என்றால் ஆரம்பித்தபின் ஏறிக்கொண்டே போகும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வலி.

இரண்டாவதில் 38 வாரம் முடிந்தபிறகு ஒரு ராத்திரி, பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டுப் படுத்தேன். பின்னிடுப்பில் பிடித்தது, அப்படியே சுற்றிக்கொண்டு அடிவயிற்றுக்கு வந்தது, வயிறு கல்லாக இறுகியது. ஒரு நிமிடம் இருக்கும். விட்டுவிட்டது. பத்து நிமிடத்தில் மறுபடி. எழுந்து சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், குனிந்து நின்றால்தான் தாங்க முடிந்தது. போனில் நேரம் குறித்தேன். எட்டு நிமிடம், ஏழு, ஒன்பது, மறுபடி ஏழு. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணி வாக்கில் இடைவெளி பதினைந்து நிமிடமானது. அப்புறம் அரைமணி. பாப்பா எழுந்து பால் கேட்டபோது வலி இருந்த சுவடே இல்லை. அவர் அன்றைக்கு ஜீப் எடுக்கவில்லை. அடுத்த ராத்திரியும் இதே கதை.

அத்தை சீரகத்தை வறுத்துக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். "சூட்டு வலின்னா இதுல அடங்கிரும் தாயி, நெச வலின்னா ஏறிரும்" என்றார். குடித்தேன், வயிற்றுக்கு இதமாக இருந்தது. வலி அடங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. பக்கத்து வீட்டில் விளக்கெண்ணெய் குடிக்கச் சொன்னார்கள். அதற்கு அத்தையே ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன். விளக்கெண்ணெய் வாந்தியும் பேதியும் கொடுத்து உடம்பில் இருக்கும் நீரையும் பலத்தையும் வாங்கிவிடும். ஏற்கெனவே தூக்கமில்லாமல் இருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கு அது வேண்டவே வேண்டாம்.

முதல் தடவை மருத்துவமனைக்குப் போனபோது உள்ளே கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, "ஒரு விரல்தான் திறந்திருக்கு, போயிட்டு வலி வந்ததும் வாங்க" என்றார்கள். வலியோடுதான் வந்திருக்கிறேன் என்றேன். "ரெண்டாவது குழந்தைதானே, வலி எதுன்னுகூடத் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டார். வாசலில் வந்து அழுதேன். அந்தக் கேள்வி எந்தத் தாயிடமும் கேட்கக்கூடாத கேள்வி. உங்களிடமும் அப்படி யாராவது கேட்டிருந்தால், தவறு உங்களுடையது இல்லை. இரண்டாவது பிரசவத்தில்தான் இந்தக் குழப்பம் அதிகம் வரும் என்று பின்னால் ஒரு மூத்த சிஸ்டர் எனக்குப் புரிய வைத்தார்.

அடுத்த தடவை போனபோது பார்த்தவர் அவர்தான். வயிற்றின்மேல் கையை வைத்து நிதானமாகத் தடவிப் பார்த்தார், பிறகு உள்ளேயும் பார்த்தார். "ரெண்டு விரல் வந்திருக்கு, வாயும் நல்லா மெலிஞ்சிருக்கும்மா. போன தடவை ஒரு விரல்தானே? நடுவுல வந்த வலிதான் இதைச் செஞ்சிருக்கு. ஒண்ணும் வீண் போகலை" என்றார். அத்தனை நாளில் நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. குழந்தையின் தலை இன்னும் இறங்கவில்லை, முதுகு என் முதுகுப் பக்கமாகத் திரும்பி இருக்கிறது, அதனால்தான் பின்னிடுப்பில் இப்படி வலிக்கிறது என்றும் சொன்னார்.

அவர் சொன்னதையும் பின்னால் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் தலை சில வாரங்கள் முன்பே இடுப்புக் குழிக்குள் இறங்கிவிடும். இரண்டாவதில் வயிற்றுத் தசையும் கர்ப்பப்பையும் ஒருமுறை விரிந்து தளர்ந்தவை, குழந்தைக்கு மேலேயே புரள இடம் இருக்கும். வலி ஆரம்பித்த பிறகுதான் தலை இறங்குவது சகஜம். தலை வாயின்மேல் சரியாக அழுத்தாதபோது வலி வரும், கொஞ்சம் வேலை செய்யும், அடங்கும். ராத்திரியில் வருவதற்கும் காரணம் உண்டு. கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். இருட்டும் அமைதியும் அதற்குத் துணை. பகலில் மூத்த பிள்ளையின் பின்னால் ஓடுவது, பதற்றம், போன் என்று பதற்ற ஹார்மோனான அட்ரினலின் ஏறினால் இந்த ஆரம்பக் கட்ட வலி பின்வாங்கிவிடும். மருத்துவமனை வெளிச்சத்தில், புது ஆட்கள் நடுவில் போய்ப் படுத்ததும் வலி நின்றுபோவதும் இதனால்தான். நடிக்கிறாள் என்று வீட்டில் யாரும் நினைக்க வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டலில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். வாய் 5 சென்டிமீட்டர் திறக்கும்வரை ஆரம்பக் கட்டம்தான். அதற்கு இவ்வளவு நேரம் என்று வரையறை கிடையாது, பெண்ணுக்குப் பெண் மாறும். 5-க்கு மேல்தான் வேகம் பிடிக்கும். அங்கிருந்து முழுதாகத் திறக்க முதல் பிரசவத்தில் 12 மணி நேரம் வரை, அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம் வரை ஆகலாம். முன்பெல்லாம் 4 சென்டிமீட்டரிலிருந்தே கணக்கு வைத்து, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். எல்லோருக்கும் அப்படி நடக்காது என்பதால் அந்தக் கணக்கை விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள். ஆக, 'இரண்டாவது சீக்கிரம் முடியும்' என்று பெரியவர்கள் சொல்வது இந்தப் பிந்தைய கட்டத்துக்குப் பொருந்தும். அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி யாரும் நம்மிடம் பேசுவதில்லை.

சிஸ்டர் எனக்குச் சொன்ன மருந்து தூக்கம். "நேரம் குறிக்காதே, போனை அந்தப் பக்கம் வை. ரெண்டு வலிக்கு நடுவுல கண்ணை மூடு" என்றார். உண்மையில் அதுதான் என்னைக் காப்பாற்றியது. வலி வரவேண்டும் என்று தெருவில் நடப்பது, படி ஏறி இறங்குவது எல்லாவற்றையும் நிறுத்தினேன். சாயங்காலமே வெந்நீரில் குளித்தேன், ரசம் சோறோ இட்லியோ பசிக்குக் கொஞ்சம் சாப்பிட்டேன், இளநீரும் மோரும் குடித்தேன். கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். இடுப்பு வலி தாங்காதபோது முட்டி போட்டு, கைகளை ஊன்றி, தவழும் நிலையில் இருப்பேன். அதனால் குழந்தை திரும்பும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் முதுகுக்கு அவ்வளவு ஆறுதல். பாப்பாவும் பக்கத்தில் வந்து தவழ்வாள். சிறுநீரை அடக்காதீர்கள், நிறைந்த சிறுநீர்ப்பை தலை இறங்குவதைத் தடுக்கும்.

மூத்த பிள்ளைக்கு ஒரு ஏற்பாடு செய்துவிடுங்கள். பகலில் இரண்டு மணி நேரம் யாராவது அவளைப் பார்த்துக்கொண்டால், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். என் நாத்தனார் அதைச் செய்தாள். அப்புறம், 'இன்னும் பிறக்கலையா' என்று கேட்கும் போன்களை வீட்டுக்காரரை எடுக்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர்களுக்கு அது ஒரு விசாரிப்பு, நமக்கு ஒவ்வொரு தடவையும் பரீட்சையில் தோற்ற மாதிரி.

இனி, எப்போது காத்திருக்கக் கூடாது. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்புங்கள், 'காலையில் பார்க்கலாம்' என்பதே வேண்டாம். பனிக்குடம் உடைந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போக வேண்டும், நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்னும் அவசரம். கோழை மாதிரி லேசாக ரத்தம் கலந்து படுவது சகஜம். மாதவிலக்கு போல ரத்தம் போவது சகஜமில்லை. காய்ச்சல், தாங்காத தலைவலி, கண் மங்குவது, விட்டு விட்டு வராமல் ஒரேயடியாக இறுகியே இருக்கும் வயிறு, இவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். திருப்பி அனுப்புவார்களோ என்ற கூச்சத்தில் போகாமல் மட்டும் இருக்காதீர்கள். பத்துத் தடவை போய்ப் பத்துத் தடவையும் திரும்பி வந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 110-லிருந்து 160-க்குள் இருப்பது வழக்கமான அளவு. மற்றதையும் பார்த்து அவர்கள் போகலாம் என்று சொன்னால் நிம்மதியாக வீடு திரும்பலாம்.

எனக்கு உண்மையான நாள் வந்தபோது வித்தியாசம் தெரிந்தது. சாயங்காலம் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். வலி வந்தபோது கரண்டியை வைத்துவிட்டேன், அத்தை ஏதோ கேட்டார், பதில் சொல்ல வாய் வரவில்லை. அதுவரை வந்த வலியில் பேச முடிந்தது. படுத்தால் குறையவில்லை, நடந்தாலும் குறையவில்லை. இரண்டாவது குழந்தை என்பதால் ஒழுங்காகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வர ஆரம்பித்ததுமே புறப்பட்டுவிட வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். கிளம்பிவிட்டோம். மருத்துவமனையில் பார்த்தபோது 4 சென்டிமீட்டர். படுக்க வைத்து, வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். அந்த அரைமணியில் வலி மறுபடி நின்றுபோனது! டாக்டர் வலி வரவைக்கும் ட்ரிப்ஸ் போடலாமா என்று யோசித்தார். துடிப்பு நன்றாக இருந்தது, பனிக்குடமும் உடையவில்லை, அதனால் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று விட்டார்கள். அம்மா கூட இருந்தார். வராண்டாவில் என் இடுப்பைப் பின்னாலிருந்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே நடந்தார். பிரசவத்தின்போது வேண்டிய ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டலில் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு தாண்டி ஒரு வலியில் வயிற்றுக்குள் பெரிதாக எதுவோ உருண்டது. அடுத்த வலியில் பனிக்குடம் உடைந்தது. அதன்பிறகு எல்லாமே வேகம். முதுகு வலி மறைந்து, அழுத்தம் முழுக்கக் கீழே வந்தது. "முக்காதே, டேபிளுக்கு வா" என்று சிஸ்டர் சொல்வதற்குள் எனக்கு முக்கல் வந்துவிட்டது. ஒரு வாரம் இழுத்தவன், பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டான்.

ட்ரிப்ஸ் போட்டு வலி வரவைப்பதை நான் குறை சொல்லவில்லை. பனிக்குடம் உடைந்து வலி வராவிட்டாலோ, 41 வாரம் நிறைந்துவிட்டாலோ, குழந்தைக்கோ தாய்க்கோ சிக்கல் என்றாலோ அது வேண்டியதுதான். 39-வது வாரத்தில், எல்லாம் சரியாக இருக்கும்போது, வீட்டார் பொறுமையிழந்தார்கள் என்பதற்காக அவசரப்பட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். எதற்காகப் போடுகிறீர்கள், இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லி வைக்கிறேன், எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, குழந்தை பால் குடிக்கும்போதெல்லாம் அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும், முதல் தடவையைவிட அதிகமாக. கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்குகிற வலி அது, இரண்டு மூன்று நாளில் குறைந்துவிடும். அதற்கு மாத்திரை கேட்டால் கொடுப்பார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரியும் வலி வந்தால், அசைவைக் கவனித்துவிட்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் படுங்கள். நாளைக்கு எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.