வாசகர் கேள்வி – பதில்: வைக்கோலும் சாணமும் ஐதரசன் தருமா?

கேள்வி: எங்கள் பக்கத்தில் காலபோக அறுவடை முடிந்ததும் வயலில் வைக்கோலை எரித்துவிடுகிறார்கள். கழிவுகளைப் பற்றீரியாக்களைக் கொண்டு நொதிக்கச் செய்து ஐதரசன் எரிபொருள் பெறலாம் என்று வாசித்தேன். வைக்கோலையும் மாட்டுச் சாணத்தையும் வைத்து வீட்டு வளவிலேயே இதைச் செய்யலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: ஆய்வுகூடத்தில் செய்கிறார்கள், வீட்டு வளவில் இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

நாம் உண்ணும் உணவு உடலில் சிதையும்போது வெளிப்படும் இலத்திரன்களை, மூச்சுடன் உள்ளெடுக்கும் ஒட்சிசன் ஏற்றுக்கொள்கிறது. காற்றுப் புகாத சேற்றில் வாழும் குளொஸ்திரிடியம் போன்ற பற்றீரியாக்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே வெல்லத்தை (குளுக்கோசு போன்ற சர்க்கரையை) உடைக்கும்போது மிஞ்சும் இலத்திரன்களை, இரும்பு அடங்கிய ஐதரசனேசு என்னும் நொதியத்தின் துணையுடன் நீரிலுள்ள ஐதரசன் அயன்களிடம் தள்ளிவிடுகின்றன. அவ்வயன்கள் இணைந்து ஐதரசன் வாயுவாகிக் குமிழிடுகின்றன. வெளிச்சம் தேவைப்படாததால் இதனை இருள் நொதித்தல் என்பர்.

இப்பற்றீரியாக்கள் சாணத்திலும் குளத்துச் சேற்றிலும் தாராளமாக உள்ளன. சிக்கல் என்னவென்றால், மெதேன் (சாண எரிவாயுவில் எரியும் வாயு) உண்டாக்கும் நுண்ணுயிர்களும் அங்கேயே குடியிருந்து, வெளிவரும் ஐதரசனை உடனுக்குடன் காபனீரொட்சைட்டுடன் சேர்த்து மெதேனாக்கிவிடுகின்றன. அதனால் ஆய்வாளர்கள் சாணக் கரைசலை முதலில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே அரை மணி நேரமளவு சூடாக்குவதுண்டு. மெதேனாக்கிகள் அச்சூட்டில் மடிந்துவிட, சூட்டைத் தாங்கும் உறையுள்ள வித்திகளாக ஒடுங்கிக்கொண்ட குளொஸ்திரிடியங்கள் தப்பிப் பிழைத்து, ஆறிய பின் மீண்டும் முளைக்கின்றன. அதன் பிறகும் கரைசலின் பி.எச். பெறுமானத்தை (புளிப்பைக் காட்டும் அளவை) 5க்கும் 6க்கும் இடையில் பேணினால்தான் மெதேனாக்கிகள் திரும்பத் தலையெடுக்காமல் இருக்கும்.

இவ்வளவு பாடுபட்டும் கிடைப்பது எவ்வளவு என்பதே உண்மையான கேள்வி. ஒரு மூலக்கூறு குளுக்கோசு முற்றாகச் சிதைந்தால் 12 மூலக்கூறு ஐதரசன் வரையில் பெற இடமுண்டு. ஆனால் இருள் நொதித்தலில், எஞ்சுவது முழுவதும் அசற்றிக் அமிலமானாலும் 4க்கு மேல் கிடைக்காது. பியூற்றிரிக் அமிலமானால் 2 மட்டுமே. நடைமுறை விளைச்சல் பெரும்பாலும் 2ஐ ஒட்டியே நிற்பதால், வெல்லத்தில் இருந்த சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் ஐதரசனாகக் கைக்கு வருகிறது. மீதியில் பெரும்பங்கு அமிலங்களாகத் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. நெல் அவிக்கும் ஆலைகளில், ஊறவைத்த நீரை நாட்கணக்கில் மாற்றாமல் விட்டால் கெட்ட நெய்யைப் போல ஒரு வாடை எழுமே, அதில் இந்தப் பியூற்றிரிக் அமிலத்துக்கும் பங்குண்டு. அதே வெல்லத்தை மெதேனாக மாற்றினால், கணக்கின்படி பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட சக்தி வாயுவில் சேர்ந்துவிடும். நாலைந்து மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு வழக்கமான சாண எரிவாயுக் கலனே இலாபம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வைக்கோலின் கதை இன்னும் கடினம். அதிலுள்ள வெல்லம் செலுலோசாகப் பின்னிக் கிடக்கிறது. அதனைச் சுற்றி இலிக்னினும் சிலிக்காவும் கவசமிட்டிருக்கின்றன. நீராவியாலோ காரத்தாலோ அக்கவசத்தை உடைத்த பின்னரே பற்றீரியாக்கள் அதில் வாய் வைக்கும். அதற்குச் செலவிடும் விறகையும் காரத்தையும் கணக்கிட்டால், வைக்கோலை மாட்டுக்குப் போட்டுச் சாணத்தைக் கலனுக்கு விடுவதே மேல்; எரிப்பதை நிறுத்த அதுவே போதிய காரணம்.

அரிசி ஆலை போன்ற இடங்களில், மாப்பொருள் கரைந்த கழிவுநீர் நாள்தோறும் சேருமானால், கணக்கு வேறுபடக்கூடும். முதல் தொட்டியில் ஐதரசனைப் பெற்று, எஞ்சிய அமிலக் கரைசலை இரண்டாம் தொட்டிக்கு அனுப்பி மெதேன் பெறும் ஈரடுக்கு முறை பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகிறது. இரண்டாம் தொட்டிக்குப் பதிலாக, வெளிச்சத்தில் அவ்வமிலங்களை உண்டு மேலும் ஐதரசன் தரும் ஊதாநிறப் பற்றீரியாக்களை வளர்ப்பாரும் உளர். ஆனால் அதற்குக் கண்ணாடிக் கலன்களும் பரந்த இடமும் வேண்டும்.

கேள்வி: ஐதரசனை அடுப்பில் எரிக்கலாமா? ஆபத்தானதா?
– வாசகர், மாங்குளம்

பதில்: சாண எரிவாயு அடுப்பில் அப்படியே எரிக்கக்கூடாது. காற்றில் 4 முதல் 75 வீதம் வரை கலந்திருந்தாலும் ஐதரசன் தீப்பற்றும். மெதேனுக்கு அவ்வெல்லை ஏறத்தாழ 5 முதல் 15 வீதம். ஐதரசனுக்கு மணமில்லை, அதன் சுவாலையும் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஒரே கன அளவில் அது தரும் வெப்பம் மெதேனின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: ஐதரசன் வன்னிக்குப் புதிய விருந்தாளி அல்ல. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில், உப்புக் கரைசலை மின்பகுத்து எரிசோடாவும் குளோரினும் செய்தபோது ஐதரசன் பக்கவிளைவாக வந்துகொண்டுதான் இருந்தது.

கேள்வி: நொதித்த பின் மிஞ்சும் கழிவை வயலுக்கு இடலாமா?
– வாசகர், புளியங்குளம்

பதில்: ஐதரசன் தொட்டியின் கழிவு புளிப்பானது, நேரடியாக ஊற்றினால் இளம் பயிரின் வேரைப் பாதிக்கும். மெதேன் தொட்டியைக் கடந்து வந்த சேறு நடுநிலைக்கு அண்மையில் இருக்கும். அதில் நைதரசனும் எஞ்சியிருப்பதால் தாராளமாக இடலாம்.