சஃபோக் கிராமத் தேவாலயங்களில் எதைப் பார்ப்பது?

கேள்வி: இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில், இப்ஸ்விச்சில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். பக்கத்துக் கிராமங்களில் 500, 600 வருடத் தேவாலயங்கள் இருக்கின்றனவாம். உள்ளே எதெல்லாம் நிஜமாகவே பழசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பளபளக்கும் பெஞ்சு, தரை ஓடு, வண்ணக் கண்ணாடி இதிலெல்லாம் மயங்கிவிடாதீர்கள். முக்கால்வாசி 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தபோது வைத்தவை. பழசைப் பிடிக்க, எது காணாமல் போயிருக்கிறது என்று தேடுங்கள்.

மக்கள் நிற்கும் மண்டபத்துக்கும் பலிபீடப் பகுதிக்கும் நடுவே ஒரு பெரிய வளைவு இருக்கும். அதன் அருகே சுவரில் உயரத்தில், எங்கேயும் போகாத ஒரு சின்ன வாசல் தெரிகிறதா? அங்கே குறுக்கே ஒரு மரத்தடுப்பும் அதன் மேல் பரணும் இருந்தன. அதற்கும் மேலே சிலுவையில் இயேசு, இருபுறமும் மரியாளும் யோவானும். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து கத்தோலிக்க சபையை விட்டுப் பிரிந்த சீர்திருத்தத்தில் சிலைகளை அகற்றினார்கள், பரணையும் இறக்கினார்கள். ஏறிப்போன வாசல் மட்டும் பல ஊர்களில் மிஞ்சிவிட்டது. தடுப்பின் கீழ்ப்பாதி இருந்தால் குனிந்து பாருங்கள்: புனிதர்களின் ஓவியங்கள், சிலவற்றில் முகம் மட்டும் சுரண்டப்பட்டிருக்கும்.

அப்புறம் பலிபீடப் பகுதியின் தெற்குச் சுவரில், அடியில் துளையுள்ள கல் கிண்ணம் ஒன்று மாடத்துக்குள் இருக்கும். பூசைப் பாத்திரம் கழுவிய நீர் மண்ணுக்குள் போவதற்கு. அது மண்டபத்தின் ஓரத்தில் இருந்தால், அங்கேயும் ஒரு பலிபீடம் இருந்தது என்று அர்த்தம். ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பையும் தடவிப் பாருங்கள். உடைந்த இடமோ இரும்புத் துண்டோ தட்டுப்பட்டால் அது பழைய பூட்டின் தடம். மந்திரித்த நீரைச் சூனியத்துக்குத் திருடுகிறார்கள் என்று தொட்டிகளை மூடிப் பூட்டச் சொல்லி 1236இல் உத்தரவே வந்தது.

சன்னல் சுலபம். அரைவட்ட வளைவு 12ஆம் நூற்றாண்டு. ஒடுங்கிய கூர்வளைவு 13. நேர்க் கம்பங்கள் உச்சிவரை ஓடும் அகன்ற சன்னல் 15ஆம் நூற்றாண்டை ஒட்டியது. சஃபோக்கில் கம்பளித் துணிப் பணம் புரண்ட காலம் அது.

ஒரே நாள்தான் என்றால் வென்ஹாஸ்டன் கிராமத் தேவாலயத்துக்குப் போங்கள். 1892இல் பழுதுபார்த்தபோது, சுண்ணாம்பு பூசிய பழைய பலகைகளை வேண்டாமென்று வெளியே போட்டார்கள். மழையில் சுண்ணாம்பு கரைந்து, அடியிலிருந்து இறுதித் தீர்ப்பு ஓவியம் வெளிப்பட்டது. நடுவில் சிலுவை வடிவத்திலும் ஆள் வடிவத்திலும் வண்ணமே படாத இடங்கள் இருக்கும். மேலே சொன்ன சிலைகள் அங்கேதான் நின்றன.

சில கிலோமீட்டரில் பிளைத்பர்க். அங்கே பெஞ்சை நம்பலாம், ஓரங்களில் பழைய செதுக்கல்: சோம்பேறி ஒருவன் படுக்கையிலேயே உட்கார்ந்திருக்கிறான். கூரையின் மரத் தேவதைகளுக்கு பைனாகுலர் வேண்டும். ஞாயிறு காலை ஆராதனை நேரம், அப்போது மட்டும் வேண்டாம்.