நாடகத்திலிருந்து சினிமாவுக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கே ஒரு சிறிய நாடகக் குழுவுக்கு எழுதி வருகிறேன். என் நாடகம் ஒன்றைத் திரைக்கதையாக்கி, சினிமாவில் இருக்கும் ஒருவரிடம் காட்டினேன். “எல்லாம் ஒரே வீட்டுக்குள்ள நடக்குது, நாடகம் மாதிரி இருக்கு. முதல்ல நாடகத்தை மறந்துட்டு வாங்க” என்றார். கே. பாலசந்தர் படங்களுக்கும் இதே குறையைச் சொல்கிறார்கள். நாடகத்தை விட்டால்தான் சினிமா வருமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மறக்க வேண்டாம். பாலசந்தர் பெயரை நீங்களே எடுத்துவிட்டதால், அவரை வைத்தே சொல்கிறேன்.

சென்னை ஏ.ஜி. ஆபீசில் (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம்) வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர் அவர். 1964இல் எம்.ஜி.ஆரின் ‘தெய்வத்தாய்’க்கு வசனம் எழுதினார். நாகேஷை வைத்து அவர் எழுதிய ‘சர்வர் சுந்தரம்’ நாடகம் அதே ஆண்டு கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமானது. அடுத்த ஆண்டே தன்னுடைய ‘நீர்க்குமிழி’ நாடகத்தைத் தானே படமாக இயக்கினார். முதல் படம் எடுப்பவர், தனக்குச் சினிமா தெரியும் என்று காட்டிக்கொள்ளவாவது கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்குப் போயிருக்கலாம். அவர் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. வார்டையே கலகலப்பாக்கும் நோயாளியாக நாகேஷ், அவரைச் சுற்றி வந்துபோகும் மனிதர்கள், அவ்வளவுதான் களம்.

‘எதிர்நீச்சல்’ (1968) படத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு வீடு. மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டு எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்கிறான் மாது. அந்த வீட்டில் ஒரு இருமல் தாத்தா இருக்கிறார். அவரைப் படம் முழுக்க நாம் பார்ப்பதே இல்லை. இருமல் மட்டும் கேட்கிறது. மேடையில் இது இயல்பான உத்தி, அறைக்குள் போய்ப் பார்க்க வழியில்லை. கேமராவுக்கு அந்தத் தடை கிடையாது, ஒரு ஷாட்டில் உள்ளே போய்விடலாம். பாலசந்தர் போகவில்லை. அதனால்தான் அந்தத் தாத்தா இன்றும் நினைவில் இருக்கிறார். காட்ட முடிந்ததையும் காட்டாமல் விடலாம் என்று தெரிந்தவர் அவர், அதை மேடைதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது என்பது என் எண்ணம்.

‘மேஜர் சந்திரகாந்த்’தும் அப்படித்தான். கொலை செய்துவிட்டு வந்தவன், கொல்லப்பட்டவனின் தந்தை வீட்டிலேயே அடைக்கலம் புகுகிறான். இருவருக்குமே அது தெரியாது. வீட்டுக்காரருக்கோ பார்வை இல்லை. ஒரு கூரை, இரண்டு பேர். இதற்கு மேல் எந்த லொகேஷன் வேண்டும்? (கொல்லப்பட்ட அந்த மகனின் பெயர் ரஜினிகாந்த். பின்னாளில் சிவாஜி ராவுக்கு பாலசந்தர் வைத்தது இந்தப் பெயரைத்தான்.)

1977இல் வந்த ‘அவர்கள்’ நாடகத்திலிருந்து வந்ததல்ல. ஆனாலும் கமல் தன் காதலைச் சொல்லத் தயங்கும்போது அவர் கையிலிருக்கும் பொம்மை பேசுகிறது. மேடை தெரிந்தவருக்குத்தான் அது தோன்றும்.

அதே மனிதர் கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தை எடுத்தபோது வீட்டையும் வாசலையும் விட்டு வெளியே போனார். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வறட்சியை மேடையில் வார்த்தையால்தான் சொல்ல முடியும். படத்தில் வெடித்த மண்ணும் வெறுங்குடத்தோடு நடக்கும் பெண்களும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறார்கள். மாட்டு வண்டியில் தண்ணீர் வரும்போது பார்க்கிற நமக்கே தொண்டை வறள்கிறது. 1981ஆம் ஆண்டுக்கான சிறந்த திரைக்கதை தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. எந்தக் கதைக்கு நாலு சுவர் போதும், எதற்குப் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, பாலசந்தரிடம் குறையே இல்லையா? இருக்கிறது. சபாவில் கடைசி வரிசையில் இருப்பவருக்கு நடிகரின் முகம் சரியாகத் தெரியாது. அதனால் பாத்திரம் தன் மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். கேமரா முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்த பிறகும் அவருடைய பாத்திரங்கள் சில இடங்களில் அதையே செய்கின்றன. கண் சொல்லி முடித்ததை வசனம் இன்னொரு தடவை சொல்கிறது. நாடகத்தனம் என்று எதையாவது சொல்வதாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரே வீட்டுக்குள் கதை நடப்பதை அல்ல.

உங்களிடம் பேசியவர் நோயைச் சரியாகப் பார்த்திருக்கலாம், ஆனால் மருந்து தவறு. வீட்டை மாற்றாதீர்கள். தெருச் சண்டை, பஸ் ஸ்டாண்டு, மழைப் பாட்டு என்று புதிதாக எதையும் நுழைக்காதீர்கள். உங்கள் பாத்திரங்கள் தங்கள் மனநிலையைத் தாங்களே விளக்கும் வரிகளை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். காட்சி நின்றால் அந்த வரி தேவையில்லை. விழுந்தால், அங்கே அந்த மனிதர் கையால் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று யோசியுங்கள்.

அப்புறம், குழுவை விட்டுவிடாதீர்கள். எழுதிய வசனம் ஒரு மனிதர் வாயில் எப்படி இருக்கிறது என்பதை அடுத்த நாள் ஒத்திகையிலேயே கேட்டுவிடும் வாய்ப்பு சினிமாவில் காத்திருக்கும் எழுத்தாளர்கள் பலருக்குக் கிடைப்பதில்லை. திருத்தி முடித்ததும் முதல் பத்துப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.