கணக்கில் வராத இரவுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, என் தம்பி ஒசாகாவில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. போன மாதம் அவன் பார்க்கிற ஒரு தாத்தாவுக்கு நடுச்சாமத்தில் மூச்சுத்திணறல். அம்புலன்ஸ் உடனே வந்துவிட்டதாம், ஆனால் வாசலிலேயே நின்றுகொண்டு வைத்தியசாலை வைத்தியசாலையாகப் போன் எடுத்தார்களாம், ஐந்தாவது இடத்தில்தான் "கொண்டு வாருங்கள்" என்றார்களாம். ஜப்பானிலுமா இப்படி? அந்த டொக்டர்மாருக்கு மனச்சாட்சி இல்லையா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. நாங்கள் கொழும்பில் ஆளைத் தூக்கி ஓட்டோவில் போட்டுக்கொண்டு நேரே கேற்றுக்குள் போய்ப் பழகியவர்கள், கட்டில் இல்லாவிட்டால் நடைபாதையிலாவது கிடத்திப் பார்ப்பார்கள், திருப்பி அனுப்புவது என்ற பேச்சே இல்லை. ஜப்பானில் ஒழுங்கு வேறு. அம்புலன்ஸ் ஆட்கள் முதலில் போன் எடுத்துக் கேட்க வேண்டும், அந்த வைத்தியசாலை "சரி" என்றால்தான் வண்டி நகரும். நாலு இடமோ அதற்கு மேலோ கேட்டு, 30 நிமிடத்துக்கு மேல் வண்டி அங்கேயே நின்றால் அதை "கொண்டு சேர்க்கச் சிரமப்பட்ட கேஸ்" என்று அரசாங்கமே தனியாகக் கணக்கெடுக்கிறது. உங்கள் தம்பி பார்த்ததும் அந்த வகையாக இருக்கலாம். 2006இல் நாரா மாகாணத்தில் பிரசவ நேரத்தில் நினைவிழந்த ஒரு பெண்ணை 19 வைத்தியசாலைகள் ஏற்க மறுத்து, கடைசியில் அவர் இறந்துபோனார். அப்போது அந்த நாடே கலங்கியது.

காரணமில்லாமல் நோயாளியை மறுக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் வைத்தியர் சட்டமே சொல்கிறது. பிறகு ஏன் மறுக்கிறார்கள்? இரவு 2 மணிக்கு அந்தப் போனை எடுக்கிறவரின் இடத்தில் இருந்து பாருங்கள். நடுத்தர வைத்தியசாலை, கடமையில் ஒரே ஒரு டொக்டர், அவர் எலும்பு முறிவு பார்க்கிறவராகவும் இருக்கலாம், காலையிலிருந்து வேலை செய்துவிட்டு அப்படியே இரவுக் கடமைக்கு வந்தவர். ஏற்கெனவே இரண்டு பேர் உள்ளே கிடக்கிறார்கள். மூச்சுத்திணறலோடு 85 வயது ஆளை ஏற்றால் தன்னால் காப்பாற்ற முடியுமா என்று அவருக்கே பயம். 2023இல் ஜப்பானில் அம்புலன்ஸ்கள் ஓடியது 76 இலட்சம் தடவைக்கும் மேல், ஏற்றிப் போனவர்களில் பாதிக்கும் அதிகமானோர் 65 வயது தாண்டியவர்கள். போன் வருவது கூடிக்கொண்டே போகிறது, எடுக்கிற கை அதே கைதான்.

இனி நேரக் கணக்கைப் பாருங்கள், எனக்கு நெஞ்சை அடைத்தது இதுதான். அளவுக்கு மீறி வேலை செய்து சாவதற்கு அவர்களிடம் "கரோஷி" என்று ஒரு சொல்லே இருக்கிறது. ஒருவர் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ இறந்தால், அதற்கு முந்திய ஒரு மாதத்தில் 100 மணி நேரமோ, சில மாதங்களின் சராசரியில் 80 மணி நேரமோ ஓவர்டைம் செய்திருந்தாரா என்று அதிகாரிகள் பார்ப்பார்கள், செய்திருந்தால் சாவுக்கும் வேலைக்கும் வலுவான தொடர்பு உண்டு என்று எடுப்பார்கள். 2019இல் பெரும்பாலான தொழிலாளருக்கு ஓவர்டைம் எல்லை வந்தது, எவ்வளவு நெருக்கடி என்றாலும் வருடத்துக்கு 720 மணி நேரம். வைத்தியர்களையும், வண்டிச் சாரதிகள், கட்டட வேலையாட்கள் போன்ற சிலரையும் ஐந்து வருடம் தள்ளி வைத்தார்கள். 2024 ஏப்ரலில் வைத்தியர்களுக்கும் எல்லை வந்தது: வருடத்துக்கு 960 மணி நேரம். பன்னிரண்டால் பிரித்துப் பாருங்கள், மாதம் 80. மற்றவன் செத்தால் "வேலைதான் கொன்றது" என்று சொல்கிற அதே 80, வைத்தியருக்குச் சட்டம் அனுமதிக்கிற சாதாரண அளவு! அவசர சிகிச்சைக்கு அந்த வட்டாரமே நம்பியிருக்கும் வைத்தியசாலைகளிலும், பயிற்சியில் இருப்பவர்களுக்கும், அனுமதி எடுத்தால் 1,860 மணி நேரம் வரை போகலாம். அது மாதம் 155.

அதுவும் கணக்கில் ஏறுகிற நேரம் மட்டும்தான். "ஷுகுச்சோக்கு" என்ற இரவுத் தங்கல் கடமைக்கு, வேலை லேசானது என்று தொழில் அலுவலகத்திடம் அனுமதி வாங்கிவிட்டால் அந்த இரவு வேலை நேரமாகவே எண்ணப்படாது. வைத்தியசாலையில் இருந்து படித்ததை, ஆய்வுக் கட்டுரை எழுதியதை "சுய பயிற்சி" என்று ஒதுக்கிவிடலாம். 2022இல் கோபே நகரில் 26 வயதுப் பயிற்சி வைத்தியர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கடைசி ஒரு மாதத்தில் மட்டும் 200 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம், மூன்று மாதத்துக்கும் மேலாக ஒரு நாள்கூட லீவு இல்லை என்று தொழில் அலுவலகம் கண்டு, வேலையால் வந்த சாவு என்று ஏற்றுக்கொண்டது. வைத்தியசாலையோ, அதில் ஒரு பகுதி அவர் தானாகப் படித்த நேரம் என்றது. பெற்ற தாய்க்கு அந்தப் பதில் எப்படி இருந்திருக்கும் தங்கச்சி?

அதனால் மனச்சாட்சியைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த டொக்டர் எத்தனை மணி நேரம் தூங்காமல் இருந்தார் என்று கேளுங்கள்.

கேள்வி: என் மகள் கொழும்புக்கு வெளியே ஓர் அரசாங்க வைத்தியசாலையில் அவசர சிகிச்சைப் பிரிவில் டொக்டர். வீட்டுக்கு வந்தால் பையை மடியில் வைத்தபடி கதிரையில் இருக்கிறாள், தேத்தண்ணி ஆறி ஆடை படிகிறது. போன கிழமை "ஏழாம் கட்டில் போயிட்டுது அம்மா" என்றாள், ஏதோ பஸ் போனதைச் சொல்வது போல. சின்னதில் பூனைக்குட்டி செத்ததற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த பிள்ளை. அவளுக்கு மனம் கல்லாகிவிட்டதா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: இல்லை அம்மா, கல்லாகவில்லை. இதற்கு "பர்ன்அவுட்" என்று பெயர் வைத்து 1974இல் எழுதியவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். பிறகு கிறிஸ்டினா மஸ்லாக் என்ற இன்னோர் உளவியலாளர் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். உள்ளம் வற்றிப்போவது, எதிரில் இருக்கிற மனிதர் மனிதராகத் தெரியாமல் போவது, தான் செய்வதால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தோன்றுவது. உங்கள் மகளின் "ஏழாம் கட்டில்" அந்த இரண்டாவது. அதை வைத்தே தீர்ப்புச் சொல்ல முடியாது, எல்லா வைத்தியசாலையிலும் கட்டில் நம்பர் சொல்லித்தான் பேசுவோம். ஆனால் ஆறிய தேத்தண்ணியும் சேர்ந்து வந்திருக்கிறதே, அதுதான் எனக்குக் கவலை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதைத் தனி நோய் என்று சொல்லாமல், வேலையிடத்தில் தீராமல் தொடரும் அழுத்தத்தால் வருவது என்று வகைப்படுத்தியது. ஜப்பானியர் சொல்வது "மோயெத்சுகி". எரிந்து எரிந்து ஒன்றும் மிஞ்சாமல் தீர்ந்துபோவது.

நான் தாதியாக இருந்த காலத்தில், மூன்றாவது இரவாகத் தொடர்ந்து நின்ற ஒரு சின்ன டொக்டர் பெட்ஹெட் டிக்கட்டில், அதாவது நோயாளியின் குறிப்புத் தாளில், எழுதிக்கொண்டிருந்தார். எழுதிய வரி எழுத்தாக இல்லாமல் ஒரு கோடாகக் கீழே இறங்கி, தாளை விட்டு வெளியே போய்விட்டது. திடுக்கிட்டு நிமிர்ந்து, "மிஸ், இவர் எந்தக் கட்டில்?" என்று என்னிடம் கேட்டார். நோயாளி அவர் முன்னாலேயே இருந்தார், தன் பெயரைத் தானே மெதுவாகச் சொன்னார். டொக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நல்ல பிள்ளை அது. அந்த இரவு அவரை அரை மணி நேரம் படுக்க விட யாரும் இருக்கவில்லை, நானும் "போய்ப் படுங்கோ" என்று சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

உங்களால் அவளுடைய ரோஸ்டரை மாற்ற முடியாது. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இங்கிருந்து எத்தனை டொக்டர்மார் வெளிநாடு போனார்கள் என்பது உங்களுக்கே தெரியும், அவர்கள் விட்டுப்போன இரவுகளை மிச்சம் இருக்கிறவர்கள்தான் நிரப்புகிறார்கள். வீட்டில் செய்யக் கூடியது ஒன்றிரண்டு உண்டு. வாசலில் வைத்து ஒன்றும் கேட்காதீர்கள். முதலில் தூங்கட்டும், கல்யாணப் பேச்சு, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாம் அப்புறம். இரவுக் கடமை முடிந்து அவளே கார் ஓட்டி வருவதென்றால் தயவுசெய்து விடாதீர்கள், ஓட்டோவிலோ பஸ்ஸிலோ வரட்டும். பிறகு, ஒரு சின்னக் கொப்பியில் எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்கு வந்தேன் என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். மேலதிகாரியிடம் பேசப் போகும் நாளில் "களைப்பாக இருக்கிறது சேர்" என்பதை விட அந்தக் கொப்பி அதிகம் பேசும்.

"இருந்து என்ன பிரயோசனம்" என்ற மாதிரி ஒரு சொல் அவள் வாயில் வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், அவளே டொக்டர் என்பதற்காகத் தயங்கவும் வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

கேள்வி: மனைவி அடுத்த மாதம் ஜப்பான் போகிறார். இரவில் சுகமில்லாமல் போனால் எந்த இலக்கம்?
— வாசகர், தெகிவளை

பதில்: அவசரம் என்றால் 119, அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. தீயணைப்புக்கும் அதே இலக்கம் என்பதால் எடுத்தவுடன் தீயா, அம்புலன்ஸா என்றுதான் கேட்பார்கள், "கியூக்கியூ" என்று சொன்னால் அம்புலன்ஸ். அவ்வளவு அவசரமா என்று சந்தேகமாக இருந்தால் ஹாஷ் அடித்து 7119. பல மாகாணங்களில் இருக்கிறது, அம்புலன்ஸ் வேண்டுமா, காலைவரை பொறுக்கலாமா என்று சொல்வார்கள். தான் போகிற ஊரில் அந்த இலக்கம் வேலை செய்கிறதா என்று போன முதல் கிழமையிலேயே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.