பனையும் பங்காளிகளும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்னையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். கண்மாய்க் கரையை ஒட்டி எங்கள் ஐயா காலத்துப் பொட்டல் 2 ஏக்கர் சும்மா கிடக்கிறது. சுற்றுவட்டாரத்தில் நின்ற பனைகள் ஒவ்வொன்றாகச் செங்கல் காளவாசலுக்குப் போய்விட்டன. அந்த நிலத்தில் பனை வைக்கலாம் என்று நினைக்கிறேன். மச்சான் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். “தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான். உங்களுக்கு 62 வயசு, பார்க்கிறதே சந்தேகம். தைலமரம் போடுங்க, காசாவது வரும்” என்கிறார். மகள் டல்லாஸில், மகன் சிங்கப்பூரில். வரப்போகிற பிள்ளைகளுக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பே எனக்குப் போதும் என்று தோன்றுகிறது. சரிதானா? கன்று வாங்கி நடுவதா, கொட்டை போடுவதா? ஆண் பனையாக வந்தால் வெட்டிவிடலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.
தேவகோட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வையுங்கள். ஆனால் நினைப்பு மட்டும் போதாது. நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டு இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. பேரன் பேத்தி வாழட்டும் என்றுதான் பெரியவர்கள் பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து சுண்ணாம்பு பூசினார்கள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடுகளைக் கட்டினார்கள். இன்று அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் ஊர் ஊராக இருக்கிறார்கள், ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லாரும் ஒத்துவர வேண்டும். பிரித்த வீடுகளின் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விலைக்கு நிற்கின்றன. அதே பெரியவர்கள் வெட்டிய ஊருணிகள் சில இன்னும் நன்றாக இருக்கின்றன. வீட்டைவிட ஊருணி உறுதியானது என்பதில்லை. தினமும் யாருக்காவது அதில் ஒரு வேலை இருந்தது, அவ்வளவுதான்.

பனைக்கும் இதேதான். ஊரில் பனை குறைந்ததற்கு யாரும் நடாதது மட்டும் காரணமில்லை. வீட்டுக்கு வாரையும் சட்டமும் பனையில் இருந்த காலம் போய் கான்கிரீட் வந்தது. பெட்டியும் பாயும் பிளாஸ்டிக் ஆயின. 1987-இலிருந்து கள் இறக்கத் தடை. ஏறுகிறவர்கள் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பினார்கள், யார் குறை சொல்ல முடியும்? கடைசியில் பனையைத் தேடி வந்த ஒரே ஆள் காளவாசல்காரர். அவருக்குத் தேவை இருந்தது, மற்ற யாருக்கும் இல்லை. 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் வந்தது. இரண்டும் நல்லதுதான். ஆனால் விதைத்த கொட்டையில் எத்தனை வடலி, அதாவது இளம் பனை, ஆனது என்று கேட்பதற்கு உள்ளூரில் ஒருவர் வேண்டும்.

மச்சான் சொன்ன பழமொழி நுங்குக்குப் பொருந்தும். பூக்கவே 12 முதல் 15 வருஷம், வறண்ட மண்ணில் 20 கூட ஆகும். ஆனால் மரம் அதுவரை சும்மா இருப்பதில்லை. கொட்டையிலிருந்து வருகிற முளை மேலே வராது, குழாய் போல மண்ணுக்குள் இறங்கும். செடிக்கான கருவை நுனியில் வைத்துக்கொண்டு ஒன்றரை அடி, இரண்டடி ஆழம்வரை போகும். அங்கேதான் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும். பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்கிற கிழங்கு அதுதான். கிழங்கைப் பிளந்தால் நடுவில் பீலி இருக்குமே, வரப்போகிற குருத்து அது. உயிர் அவ்வளவு கீழே இருப்பதால், மேலே ஒரு தரம் ஆடு கடித்தாலும் புல் எரிந்தாலும் பனை மறுபடி தலைகாட்டும். அப்புறம் பல வருஷம் தரையோடு ஓலை மட்டும் விரியும், உயரமே தெரியாது. பனைத்தண்டு வேம்பு, புளி மாதிரி வருஷா வருஷம் பருக்கிற ஜாதியில்லை. அடியின் பருமனை முதலிலேயே கட்டிக்கொண்டுதான் மேலே ஏறும். பொறுமையில்லாதவர்கள் அந்தச் சமயத்தில்தான் “இது வளரலை” என்று கைவிடுகிறார்கள்.

இதிலிருந்தே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. கன்று வேண்டாம், கொட்டை போடுங்கள். இரண்டடி இறங்க வேண்டியதைப் பையில் அடைத்தால் அடியில் முட்டி வளைந்துகொள்ளும். ஆவணி, புரட்டாசியில் பழம் தானாக விழும். காய்ப்பு நன்றாக இருக்கிற மரத்தடியில் பொறுக்கி, சதை நீக்கி, ஐப்பசி மழைக்கு முன்னால் முளை வருகிற கண் கீழே பார்க்க அரையடி ஆழத்தில் புதையுங்கள். பத்தடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு கொட்டை. இரண்டும் வந்தால் ஒன்றைக் கிழங்காகப் பிடுங்கிக்கொள்ளலாம்.

ஆண் பனையை வெட்டாதீர்கள். பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஏறத்தாழ பாதிக்குப் பாதி வரும். ஆண் இல்லாமல் பெண் காய்க்காது. பதநீர் இரண்டிலுமே இறங்கும். ஆனால் பதநீரை நம்பி இப்போதே கணக்குப் போட வேண்டாம், ஏற ஆள் கிடைப்பது இன்றைக்கே கஷ்டம். தைலமரம் பற்றி மச்சானிடம் நான் சண்டைக்கு வரவில்லை. காசு வேண்டுமென்றால் அதில் காசு இருக்கிறது. கண்மாய்க்குப் பக்கத்தில் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

சரி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பேரனுக்கு மட்டும் என்று வைத்த மரத்துக்கு, அந்தப் பேரன் வரும்வரை பரிந்து பேச ஆள் கிடையாது. அதனால் பனையின் ஒவ்வொரு வயதுக்கும் இப்போது ஊரில் இருக்கிற ஒருவரைச் சேர்த்துவிடுங்கள். முதல் வருஷமே ஓரத்தில் மணல் குவித்துத் தனியாக ஒரு கிழங்குப் பாத்தி போடுங்கள். தை மாதம் பிடுங்கித் தெருவுக்கெல்லாம் கொடுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளே பிடுங்கட்டும். ஆடு மேய்ப்பவரை விரட்டாதீர்கள். வடலி தப்பும்வரை சில வருஷம் மட்டும் உள்ளே விடாமலிருக்கச் சொல்லி, பிறகு நடுவில் இருக்கிற புல் அவருக்கு என்று பேசிக்கொள்ளுங்கள். ஓலை விரிந்ததும் கொட்டான் என்கிற ஓலைக்கூடை முடைகிற பெண்களிடம் சொல்லுங்கள். ஒரு காலத்தில் ஆச்சிமார் வீட்டிலேயே முடைந்து கல்யாணச் சீருக்கு வைத்த கொட்டானை இன்று கிராமத்துப் பெண்கள் விற்பனைக்கு முடைகிறார்கள். அவர்களுக்குக் குருத்தோலை வேண்டும். மரத்துக்கு வருஷத்தில் ஒன்றிரண்டோடு நிறுத்தச் சொல்லுங்கள், அடுத்தடுத்துக் குருத்தை எடுத்தால் வடலி வீணாகிவிடும். கூலிக்கு ஆள் வைத்துக் காவல் காப்பதைவிட இவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்பது என் கணிப்பு.

மகளையும் மகனையும் கேட்காமல் இருக்காதீர்கள். நிலம் பங்கு பிரியும்போது பனை நிற்கிற துண்டு யாருக்கு என்பதை இப்போதே எழுதிவைத்துவிட்டால் நல்லது. நாலு பேர் கையெழுத்துக்குக் காத்திருக்கிற மரம் எப்படியும் காளவாசலுக்குத்தான் போகும்.

இன்னொன்று. கண்மாய் தூர்வாரவும் சீமைக்கருவேலம் அகற்றவும் ஜேசிபி வரும். தரையோடு கிடக்கிற வடலி ஓட்டுநர் கண்ணுக்குப் புதராகத்தான் தெரியும். புதைத்த குழி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, வருஷம் ஒரு தடவை சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.