ஏடிடி (கவனம் ஒரு எடத்துல நிக்காத பிரச்சனை) இருக்கற 20 வயசு பையன், அன்னாட வேலைய திட்டம் போட்டு முடிக்கப் பழக்கற கோச் கிட்ட போறான், அப்பா அம்மா எந்த அளவுக்கு உள்ள வரலாம்?

சார், நீங்க கேட்டிருக்கறத பாத்தா கோச் கிட்ட வாராவாரம் ரிப்போர்ட் வாங்கணும்னு நெனக்கிறீங்க போல. தயவுசெஞ்சு வேணாம். பீஸ் நீங்க கட்டலாம், ஆனா கோச்சுக்கு முன்னாடி உக்காரப் போறது அவன், அங்க பேசறது வீட்டுக்கு வருதுன்னு தெரிஞ்சா அங்கயும் பொய் தான் சொல்வான்.

நாங்க மும்பை செம்பூர், என் பொண்ணுக்கும் இதே ஏடிடி தான். என் பொண்ணு சின்னதுல துறுதுறுன்னு ஓடற டைப் இல்ல, ஜன்னல பாத்துட்டு சும்மா உக்காந்திருக்கும், அதனால காலேஜ் போற வரைக்கும் டீச்சர் உட்பட யாருக்கும் சந்தேகமே வரல. பொண்ணுங்களுக்கு இப்படி லேட்டா தெரியறது சகஜம்னு டாக்டர் சொன்னாங்க. இப்பல்லாம் ஏடிடின்னு தனியா எழுதறதில்ல, ஏடிஎச்டில கவனக்குறைவு வகைன்னு தான் எழுதறாங்க.

அவளும் கோச் கிட்ட போறா. முதல் செஷன்லயே கோச் என்னையும் வச்சு பேசி முடிவு பண்ணிட்டாங்க, எழுப்பறது, அசைன்மென்ட் ஞாபகப்படுத்தறது எதுவும் அம்மா வேலை கிடையாது, அவ கேட்டா மட்டும் கூட உக்காரணும். ஞாயித்துக்கிழமை ராத்திரி அவ டைனிங் டேபிள்ல அந்த வாரத்து வேலைய எழுதுவா, நான் எதிர்ல உக்காந்து முருங்கைக்கீரை உருவுவேன், வாயத் தொறக்க மாட்டேன். ஆள் பக்கத்துல இருந்தாலே அவளுக்கு வேலை ஓடுது, தனியா விட்டா அதே நோட்ட ஒரு மணி நேரம் பாத்துட்டு இருப்பா.

இந்த வயசுலயும் மடில வச்சுக்கிறியான்னு எங்க சொந்தத்துல கேக்கறாங்க, இங்கயும் கமென்ட்ல வரும். ஏடிஎச்டி பிள்ளைங்களுக்கு மூளையோட மேல் அடுக்கு (கார்டெக்ஸ்) முதிர்ச்சியடைய சராசரியா 3 வருஷம் லேட் ஆகுதுன்னு 2007லயே அமெரிக்காவோட தேசிய மனநல நிறுவனம் ஆய்வு பண்ணி சொல்லியாச்சு. உங்க பையன் கால் ஒடைஞ்சு கெடந்தா கைத்தாங்கலா புடிக்க மாட்டீங்களா?

 

இன்னொன்னு, மாத்திரைய கூட்டு குறைன்னு கோச் சொன்னா கேக்காதீங்க, அது சைக்கியாட்ரிஸ்ட் வேலை. முதல் செஷன்ல பையன பக்கத்துல வச்சுக்கிட்டே உங்க காதுக்கு என்னென்ன வரலாம்னு பேசி வச்சுடுங்க, லிஸ்ட்ட அவனே சொல்லட்டும்.